எலுமிச்சை ஏறும் உந்தகம்

“எல்லாஞ் செரிங்ணா, எலுமிச்சை ஏறுமா?” என்றுதான் செல்வநாயகி கேட்டாள்.

உக்கடம் பழைய உந்தகச் சந்தையில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். கடைக்காரர் மயில்சாமி காதைச் சொறிந்தார். அச்சுத்தண்டு பொருந்திவிட்டது, மின்னழுத்தமும் பொருந்திவிட்டது. ஒன்பது பொருத்தம் கூடி வந்து பத்தாவதில் இடிப்பதுபோல ஆகிவிட்டது.

“இது ஒரு காலேஜ் வாத்தியார் கார்ல இருந்ததுங்க அம்மிணி. பூசை புனஸ்காரம் எதுவும் இல்லாத மனுசன். இது எலுமிச்சையைக் கண்ணுலயே பாத்திருக்காது.”

செல்வநாயகியின் முகம் வாடிப்போயிற்று. அவள் வாடகைக் கார் ஓட்டுகிறவள். காரின் உந்தகம் கருகிப் பத்து நாளாகிறது. நாளைக் காலைக்குள் கார் ஓடவில்லையென்றால் ரயில் நிலைய ஸ்டாண்டில் அவள் இடம் வேறொருவருக்குப் போய்விடும். போன அமாவாசைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்காததால்தான் அது கருகியது என்பது அவள் கட்சி. எலி கம்பியைக் கடித்திருந்தது என்று மெக்கானிக் காட்டியதை அவள் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

உந்தகம் என்றால் வெறும் மோட்டார் இல்லை. மோட்டாரும் பல்சக்கரமும் ஒரு சின்ன மூளையும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். டயர் முன்னால் எது கிடந்தாலும் தெரிந்துகொண்டு நின்றுவிடும். சாணிக்கும் தேங்காய் மட்டைக்கும் நின்றுகொண்டிருந்தால் ஊர் போய்ச் சேர முடியுமா? அதனால், ஓட்டுகிறவர் “ஏறு” என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அதற்கு நிற்க வேண்டியதில்லை என்று கற்றுக்கொள்ளும். கற்றதை அழிக்க வழியில்லை. பழைய உந்தகம் வாங்குகிறவர் முந்தின ஆளின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

“பழக்கிட்டாப் போச்சு. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறியே,” என்றான் அவள் கணவன் குப்புராஜ். ஜாக்கெட் தைக்கிறவன்; பொறுமைசாலி.

கட்டி இழுத்து வந்திருந்த காரில் அங்கேயே பொருத்தினார்கள். கடை வாசல் சரிவு. சக்கரத்தின் முன்னால் வைத்த எலுமிச்சை உருண்டு சாக்கடையில் விழுந்தது. குப்புராஜ் குத்தவைத்து உட்கார்ந்து, இன்னொரு பழத்தை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டான்.

“ஏறு,” என்றாள் செல்வநாயகி.

கார் ஓர் அங்குலம் அசைந்து நின்றது. “நிறுத்திவிட்டேன்,” என்றது உந்தகம்.

“வாத்தியார் புத்தி போகுமா!” என்றார் மயில்சாமி.

பதினைந்தாவது முறைக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. இருபதாவதுக்கு டீ வந்தது. குப்புராஜுக்குக் கால் மரத்துப்போனது; பழத்தை மட்டும் விடவில்லை.

முப்பதாவது முறையும் நின்ற பிறகு உந்தகம் கேட்டது: “இனி இதற்கு நிற்க வேண்டாமா? உறுதிதானா?”

“ஆமா! நிக்கவே நிக்காத!” என்றாள் செல்வநாயகி.

சக்கரம் மெல்ல உருண்டது. குப்புராஜ் விரல்களை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. கூட்டம் கைதட்டியது. மயில்சாமி விசிலே அடித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலில் சூடம் காட்டினார்கள். சமதளமான சிமெண்ட் தரை. பழம் உருள வழியே இல்லை. ஆனாலும் நேற்று முழுக்கச் செய்த பழக்கம், குப்புராஜின் விரல்கள் தாமாகவே போய்ப் பழத்தைப் பிடித்துக்கொண்டன. கார் தயங்கும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கை நினைத்திருக்க வேண்டும்.

“ஏறு,” என்றாள் செல்வநாயகி.

கார் தயங்கவில்லை.

அந்த அலறலை அவளால் ஆயுசுக்கும் மறக்க முடியாது. அதே காரில்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். வலது கை. கத்தரி பிடிக்கிற கை.

மதியம் அவள் காரில் வந்து விழுந்தாள். டாஷ்போர்டை ஓங்கி ஓங்கிக் குத்தினாள்.

“கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? கேவலம் ஒரு எலுமிச்சைக்கு முப்பது வாட்டி நின்னியே! மனுசன் விரலு உனக்குத் தெரியலையா?”

“எலுமிச்சை வாத்தியாரிடமே பழகியது; அதற்கு நான் ஒரு முறையும் நிற்கவில்லை,” என்றது உந்தகம். “முப்பது முறையும் விரல்களுக்காகத்தான் நின்றேன்.”