நர்ஸைக் காக்கும் நாற்காலி

நிலவின் நான்காம் குடியிருப்பில், பசு துள்ளிப்போய்க் கூரையில் முட்டிக்கொள்வதெல்லாம் செய்தியே அல்ல. அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். எடைப்பட்டையை இறுக்கிக் கட்டாமல் விட்டால் பசுக்களுக்குக் கொண்டாட்டம். அன்று காலையும் அப்படி ஒன்று வந்தது. கால்நடை மருத்துவமனை நர்ஸ் ஜெபராணி கொம்பின் அடியில் பட்ட காயத்தைத் துடைத்து மருந்து வைத்தாள். பசு சமர்த்தாக நின்றது. அதன் சொந்தக்காரர் ஆவுடையப்பன்தான் நிற்கவில்லை.

"ஏம்மா, மெதுவாத் தொடும்மா. ஊசியெல்லாம் வேண்டாம், பயந்துடும். இதுக்கு வேற மருந்து இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரே, உனக்குத் தெரியாதா?"

ஜெபராணிக்கு விலங்குகள் என்றால் உயிர். அவற்றோடு வரும் மனிதர்கள்தான் அவள் உயிரை வாங்கினார்கள். மற்ற நர்ஸ்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மாலையில் வீட்டுக் கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் நிற்கும்போது அவளுக்கும் அந்த எண்ணம் வரும். "டாக்டர், இனி என்னால முடியாது" என்று ஒருநாள் கண் கலங்கச் சொல்லியேவிட்டாள்.

டாக்டர் குலோத்துங்கன் பதறிப்போனார். குடியிருப்பின் பொறியாளர்களைப் பிடித்து, காத்திருப்பு அறையில் துயில்நாற்காலிகளைப் போடவைத்தார். உட்கார்ந்தால் போதும், மெல்லிய அலைகள் மூளையைத் தாலாட்டித் தூங்கவைத்துவிடும். விலங்குக்கு வைத்தியம் முடிந்து நர்ஸ் விசையை அழுத்தினால்தான் விழிப்பு வரும்.

மருத்துவமனையில் அப்படியொரு அமைதி. ஜெபராணி பாடிக்கொண்டே ஊசி போட்டாள். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

மறுநாளே ஆவுடையப்பன் பசுவோடு வந்து நின்றார். பசுவுக்கு ஒரு குறையும் இல்லை.

"சும்மா ஒரு தடவை பாரும்மா. அவசரமே இல்ல, நிதானமாப் பாரு" என்று நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னார்.

சுரங்கத் தொழிலாளிகள், கைக்குழந்தைக்காரர்கள், தூக்கத்தையே மறந்துபோன அதிகாரிகள் என்று குடியிருப்பே நோயில்லாத ஆடு கோழிகளோடு வரிசையில் நின்றது. சொந்தமாக விலங்கு இல்லாதவர்கள் இரவல் வாங்கிவந்தார்கள். ஜெபராணியின் வேலை இரண்டு மடங்கானது.

கடைசியில் அவள் ஒருநாள் விடுப்பு எடுத்தாள். வீட்டில் தூங்கவிட்டால்தானே? பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"நர்ஸம்மா, இன்னைக்கு லீவுதானே? எங்க பூனை தும்மிக்கிட்டே இருக்கு. ஒரு நிமிஷம் பாத்துடுங்களேன்."

ஜெபராணி பூனையை வாங்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போய், காலியாக இருந்த ஒரு நாற்காலியில் சாய்ந்தாள்.

கண் செருகும் நேரத்தில் டாக்டர் வந்து நின்றார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

"வந்ததுதான் வந்தீங்க சிஸ்டர், உள்ள ஒரு கன்னுக்குட்டிக்குக் கால்ல அடி. கொஞ்சம் புடிச்சுக்கிட்டீங்கன்னா..."

அவர் சொல்லி முடிக்குமுன் அவள் எழுந்துவிட்டாள். "பூனையைப் புடிங்க டாக்டர்."

உள்ளே போய்க் கன்றை அணைத்தபடி காத்திருந்தாள். டாக்டரைக் காணோம். எட்டிப் பார்த்தால், அவள் எழுந்துவந்த அதே நாற்காலியில், பூனையை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பும் விசை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"பாவம், மனுஷன் தூங்கி எத்தனை நாளாச்சோ" என்று உருகிப்போன ஜெபராணி, விசையைத் தொடாமல், கன்றின் காலுக்குத் தானே கட்டுப் போட ஆரம்பித்தாள்.