மூடியில் எழுதிய பெயர்

"ஐயோ... எங்கப்பா!"

மழையில் வழுக்கிய பாலத்தில் இரண்டு சைக்கிள்கள் மோதி, இருவர் கூடையிலும் இருந்த மூடிபோட்ட கண்ணாடித் தட்டுகள் சிதறியபோது லீஸ்பெத் அப்படித்தான் கத்தினாள்.

மோதியவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பாவா? எங்கங்க... வாய்க்கால்ல விழுந்துட்டாரா?"

"தட்டுலங்க! இந்தப் பூஞ்சைக்கு எங்கப்பா பேரு!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் இருவர் தட்டுகளையும் பொறுக்கி அவசரமாக மூடினான். நிமிர்ந்தபோது இமை நுனியில் மழைத்துளி... அதற்கடியில் சாம்பல்நீலக் கண்கள். கோபத்தில் இதையெல்லாம் எதற்குப் பார்க்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

"பேரைப் போய் மூடியில எழுதியிருக்கீங்களே! அடித்தட்டுலதானே எழுதணும்? மூடி மாறினா பேரும் மாறிடும்."

"முதல்ல பிரேக் பிடிக்கக் கத்துக்கோங்க. அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்!"

உட்ரெக்ட் நகரில் பூஞ்சைகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. அவன் யோரிட். க்ரோனிங்கனிலிருந்து தன் சாம்பல் நிறப் பூஞ்சையோடு அங்கேயே சேர வந்தவன். போதாததற்குப் பக்கத்து மேஜை வேறு!

மூன்று வாரம் கழித்து, அவள் மோரும் சீஸ் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது அவன் ஓடிவந்தான்.

"உங்க மூடி என் தட்டுக்கு வந்திருக்குங்க... வந்து பாருங்களேன்!"

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அவனுடைய சாம்பல் பூஞ்சை நடுவே, மூடியில் ஒட்டிவந்த அவளுடைய செம்பூஞ்சை. இரண்டும் தொட்ட கோட்டில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புக் குடங்கள்... ஒன்று அவள் கண்ணெதிரே வெடித்து விதைத்துகளைச் சிந்தியது. தனித்தனியே வளர்த்த இத்தனை வருஷத்தில் இரண்டுமே காட்டாத அதிசயம்!

"அம்மாடி..." என்று அவள் இன்னும் குனிந்தாள்.

"வேற வேற இனம்னு நினைச்சோம். பிள்ளையே பெத்துடுச்சுங்க... ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரே இனத்துக்கு ஒரே பெயர். முதலில் அச்சேறியது நிற்கும். அவன் வைத்த பெயர் பதினோரு நாள் முந்தியது. லிஸ் ஊரில் டூலிப் பூ பயிரிட்ட அப்பா, இந்தப் பூஞ்சையால் புள்ளி விழுந்த இலையை அவள் கையில் கொடுத்தவர், தன் பெயர் அச்சாவதைப் பார்க்காமலே போய்விட்டார். இப்போது பெயரும் போகிறது. பதினோரே நாள்!

நாலு நாள் அவனோடு பேசவில்லை. அவன் நீட்டிய அதிமதுர மிட்டாயையும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் அவன் மெதுவாகச் சொன்னான். "தட்டைத் தூக்கிப் போட்டுடலாமா? நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்..."

"கண்ணால பார்த்ததை இல்லைன்னு சொல்லணுமா? எங்கப்பா பேரைக் காப்பாத்த எனக்குப் பொய் வேண்டாம்!"

அழுதுகொண்டே அறிக்கை எழுதினாள். அவன் வைத்த பெயரையே போட்டு அவனிடம் நீட்டினாள். பதிலுக்கு அவன் ஒரு கடிதம் நீட்டினான். பூஞ்சைப் பெயர்களை முடிவுசெய்யும் குழுவுக்கு எழுதியது... 'நான் வைத்த பெயரே முந்தியது. ஆனாலும் லீஸ்பெத் தன் அப்பா நினைவாக வைத்த கேர்லோஃபி என்ற பெயரையே நிலைக்க வையுங்கள்.'

"அப்படிக் கேக்கலாமா?"

"கேக்க விதி இருக்கு. பதில் வர மூணு வருஷம்கூட ஆகுமாம்."

"உங்க பேரை ஏங்க விட்டுக்கொடுக்கணும்?"

"நடுப்பாலத்துல விழுந்து கிடந்தப்பவும் அவரைத்தானே கூப்பிட்டீங்க... அன்னைக்கே உங்க மேல ஆசை வந்துடுச்சு, லீஸ்பெத். பதில் வர்ற வரைக்கும்... வந்த பிறகும்... பக்கத்துலயே இருக்கட்டுமா?"

அவள் புதுத் தட்டு ஒன்றை எடுத்தாள். அப்பா பெயரை எழுதினாள். வளர்த்தவர் பெயர் எழுதும் இடத்தில் 'லீஸ்பெத், யோரிட்' என்று எழுதி அவன் பக்கம் திருப்பினாள்.

"நல்லா பாருங்க... அடித்தட்டுலதான் எழுதியிருக்கேன்."