தொந்தி ஏன் பாதியில் நின்றது?

வாயாடியின் வீட்டில் தொந்தி என்று ஒரு பெட்டி இருந்தது. அம்மாவின் அறை மேசையில் கறுப்பாக, குண்டாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் யார் கணினியில் எதைச் சேமித்தாலும், யார் கைப்பேசியில் படம் எடுத்தாலும், அது தொந்திக்குள் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் விழுங்கியதால்தான் அந்தப் பெயர்.

இப்போது தொந்திக்கு வயதாகிவிட்டது. ஒரு படத்தைக் கேட்டால், நாம் ஒரு டம்ளர் பாலை ஆற அமரக் குடித்து முடித்த பிறகுதான் எடுத்துக் கொடுக்கும். கடகடவென்று சத்தம் வேறு.

அப்பா பல் டாக்டர். பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆடுற பல்லு மாதிரிதான். எப்ப விழும்னு சொல்ல முடியாது" என்றார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. வழி தவறிய ஒரு நரிக்குட்டியைப் பற்றி அம்மா மூன்று வருடமாகக் கார்ட்டூன் படம் வரைந்துகொண்டிருந்தார். அந்த ஓவியங்கள் எல்லாம் தொந்திக்குள் இருந்தன.

"இன்னொரு காப்பி எடுத்து வைக்கலியாம்மா?" என்று கேட்டாள் வாயாடி.

"வச்சிருக்கேனே. பத்திரமா."

"எங்க?"

அம்மா மெல்லச் சொன்னார். "தொந்தியிலதான்."

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் புதுப் பெட்டி வந்தது. வெள்ளையாக, ஒல்லியாக இருந்தது. அதனால் அதன் பெயர் ஒல்லி. இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, தொந்தியில் இருப்பதை எல்லாம் ஒல்லிக்கு அனுப்பத் தொடங்கினார் அப்பா.

"முடியற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது" என்று கதவைச் சாத்தினார். "முக்கியமா நீ. பேசிப் பேசியே அதைக் குழப்பிடுவ."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், வேலை பாதியில் நின்றிருந்தது. தொந்தி தானாகவே அணைந்து போயிருந்தது. தொட்டால் கை சுட்டது. ஆறவைத்து, மறுபடி முடுக்கி, கதவைச் சாத்தினார்கள். மறுபடியும் அதே கதை. இந்த முறை தொந்தியை எழுப்புவதற்குள் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

"இன்னொரு தடவை நின்னா, இது எழுந்திருக்கும்னு எனக்குத் தோணல" என்றார்.

அம்மா சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவத் தொடங்கினார். நரிக்குட்டி இன்னும் வீடு போய்ச் சேரவில்லையே.

வாயாடி யோசித்தாள்.

"அப்பா, நாம பக்கத்துல இருக்கும்போது அது நிக்கவே இல்ல. கதவைச் சாத்தினாத்தான் நிக்குது. யாராவது உள்ள உக்காந்து பாக்கணும். நான் இருக்கேன்."

"பேசாம இருப்பியா?"

"இருப்பேன்."

அப்பா நம்பவில்லை. ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார்.

வாயாடி மேசைக்கு எதிரே, பீன் பேகில் புதைந்து உட்கார்ந்தாள். பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சொல்ல வேண்டியவை எல்லாம் தொண்டையில் வரிசையில் நின்றன.

திரைச்சீலை அசைந்தது. பின்னாலிருந்து மேனேஜர் வந்தார்.

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டுப் பூனை. எல்லா அறைகளையும் மேற்பார்வை பார்ப்பார். வேலை மட்டும் எதுவும் செய்ய மாட்டார். கதவுச் சத்தம் கேட்டாலே திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அவர் மேசையில் ஏறினார். தொந்தியின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். காற்றுப் போகும் துளைகள் எல்லாம் மூடும்படி, கதகதப்பாகப் படுத்துக்கொண்டார்.

'அடப்பாவி!' என்று வாய்வரை வந்தது. வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் மேனேஜர் துள்ளிக் குதிப்பார். குதித்தால் வயர் பிடுங்கிக்கொள்ளும்.

அவள் பூனைபோல் நடந்து போனாள். மேனேஜரின் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். அவர் கண்ணை மூடினார். அப்படியே அள்ளி எடுத்துவந்து மடியில் வைத்து, துப்பட்டாவால் போர்த்தினாள். மடி சூடாக இருந்ததால் அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

கால் மரத்துப்போனது. மூக்கு அரித்தது. வாயாடி அசையவில்லை.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் கதவைத் திறந்தார்கள். திரையில் 'முடிந்தது' என்று இருந்தது. மடியில் மேனேஜர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வாயாடி பூனையைக் காட்டினாள். பிறகு தொந்தியைக் காட்டினாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப, குற்றவாளியை உள்ள வச்சுக் கதவைச் சாத்தினது நான்தானா?"

"ஆமாப்பா. ரெண்டு தடவை" என்றாள் வாயாடி. அது அன்று மதியத்துக்குப் பின் அவள் பேசிய முதல் வார்த்தை.

அம்மா ஒல்லியிடம் நரிக்குட்டியைக் கேட்டார். விரலை எடுப்பதற்குள் அது திரையில் வந்து நின்றது. அம்மாவின் கண் கலங்கிவிட்டது. முதல் வேலையாக இன்னொரு காப்பி எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

"இது உங்க கிளினிக்ல இருக்கட்டும். இந்த வீட்டுலயே வேண்டாம்."

மேனேஜர் எழுந்து மேசைக்குப் போனார். தொந்தி ஆறிப்போயிருந்தது. ஒல்லியின் மேல் ஒரு காலை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது, உட்கார இடமும் இல்லை. எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி வாயாடியின் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டார்.

"சரி, வா" என்றாள் வாயாடி. "இனிமே உனக்கு நான்தான் தொந்தி."