சத்தத்தை ஏற்றிய கை

போன் அலறியது.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷனா? என் அண்ணன்... என் அண்ணனை..."

பெண் குரல். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது!

இன்ஸ்பெக்டர் சங்கமித்ரா டிபன் டப்பாவை மூடினாள். மணி ஒன்று இருபது. எலுமிச்சை சாதம் இன்னும் பாதி இருந்தது. இந்த ஊர் கொலைகாரர்கள் யாருக்கும் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருப்பது தெரியாது.

"கோவிந்தப்பா, ஜீப்பை எடுங்க!" என்றாள் ஏட்டிடம்.

பெங்களூர் பிரேசர் டவுன். கோல்ஸ் பார்க்குக்குப் பின்னால் ஒரு பழைய மாடி வீடு. மேலே குடித்தனம். கீழே ஸ்டூடியோ.

ஸ்டூடியோவின் தரையில் கிளிஃபர்ட் கிடந்தார்.

வயது அறுபத்திரண்டு. பின்னந்தலை பிளந்திருந்தது. பக்கத்தில் மைக் ஸ்டாண்டின் கனமான இரும்புப் பாதம்... ரத்தத்தோடு!

ஊரில் யார் பாட்டு ரெக்கார்ட் செய்தாலும் கடைசியில் இவரிடம்தான் வரும். ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் எடைபோட்டு, சீராக்கி, வெளியே போகலாம் என்று முத்திரை குத்துகிற மாஸ்டரிங் என்ஜினீயர். இப்போது அந்தக் காதில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை விரட்டக்கூட அவருக்கு ஆள் இல்லை.

போன் செய்தவள் அவருடைய தங்கை கேரல். ஐம்பத்தைந்து வயது. அண்ணனுக்கு உதவியாளும் அவள்தான்.

"ஒம்பதரைக்கு சர்ச் மீட்டிங்குக்குப் போனேன் மேடம். ஒண்ணே காலுக்குத் திரும்பி வரேன்... இந்தப் பையன் உள்ள இருந்து ஓடி வரான். கையெல்லாம் ரத்தம்!"

அவள் காட்டிய திசையில், கேட் அருகே இரண்டு ஆட்டோ டிரைவர்கள் ஓர் இளைஞனைப் பிடித்து வைத்திருந்தார்கள். நீளமான முடி, கறுப்பு டீ ஷர்ட். நெஞ்சில் 'உலை' என்ற எழுத்து.

'உலை' பெங்களூரின் ஹெவி மெட்டல் பேண்ட். அவன் அதன் கிடாரிஸ்ட், பாடகன் விக்கி.

"நான் பண்ணல மேடம்! வந்தேன்... கெடந்தாரு... தூக்கிப் பார்த்தேன்... பயந்துட்டேன்!"

"வீடு எங்க?"

"மர்பி டவுன்."

சங்கமித்ரா அவனை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்ததும் மர்பி டவுன்தான்!

*

மணி இரண்டரை.

ஏ.சி.பி. ரகுராம் போனில் இருந்தார். அவருக்குக் குரலை இறக்கிப் பேசும் பழக்கம் கிடையாது.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? டாக்டர் என்ன சொல்றாரு?"

"பத்துல இருந்து ஒரு மணிக்குள்ள செத்திருக்கார் சார்."

"செத்தவரு கடைசியா மெயில் எப்ப அனுப்பினாரு?"

"பதினொண்ணு நாப்பதுக்கு. பேண்டோட நாலாவது ஆல்பம் ரெடின்னு எல்லாருக்கும் அனுப்பியிருக்கார்."

"அப்ப பதினொண்ணு நாப்பதுக்கு உயிரோட இருந்தாரு. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரு வந்தது?"

"விக்கி மட்டும்தான் சார். ஹெப்பகோடியில ஃபேக்டரி வேலை. பதினொண்ணு அம்பதுக்குத்தான் பஞ்ச் அவுட் பண்ணியிருக்கான். இங்க வந்தப்ப ஒரு மணி."

"போதாதா? வாய்ஸ் மெசேஜ் வேற இருக்கே!"

இருந்தது. கிளிஃபர்டின் மொபைலில், முந்தின நாள் விக்கி அனுப்பியது.

'இந்தத் தடவையும் ஆல்பத்தை நாசம் பண்ணீங்கன்னா சும்மா விட மாட்டேன் அங்கிள்!'

"அஞ்சு மணிக்கு அவனைக் கோர்ட்டுல நிறுத்து. ஆயித்தா? புரிஞ்சுதா?"

"சார், சைபர் ரிப்போர்ட் வர ரெண்டு நாள்..."

லைன் செத்தது.

ஸ்டேஷன் வாசலில் விக்கியின் அம்மா லட்சுமம்மா நின்றிருந்தாள். மர்பி டவுனில் சங்கமித்ராவைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். வீட்டு வேலை முடித்து, ஈரப் புடவையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"மித்ரா... எம்புள்ள கத்திக் கத்திப் பாடுவான். ஒரு கோழியக்கூட அறுக்க மாட்டான்டி."

இன்ஸ்பெக்டரை 'டி' போட்டுப் பேசுகிறாளே என்று ஒரு கான்ஸ்டபிள் முறைத்தான். சங்கமித்ரா அவனை முறைத்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு அத்தை. உக்காருங்க."

இரண்டரை மணி நேரம்! அதற்குள் அவன் குற்றவாளி இல்லை என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் விக்கிக்கு ஜெயில். லட்சுமம்மாவுக்கு அதோடு எல்லாம் முடிந்தது.

சங்கமித்ரா விக்கியை வைத்திருந்த அறைக்கு நடந்தாள்.

*

"உண்மையைச் சொல்லு விக்கி. எதுக்கு மிரட்டின?"

"ரெண்டாவது, மூணாவது ஆல்பத்தைக் கொன்னுட்டாரு மேடம்!"

"புரியற மாதிரி சொல்லு."

விக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"மொத ஆல்பம் 'துருத்தி'. எங்க வீட்டு ரூம்ல, செவுத்துல பாயை மாட்டி ரெக்கார்ட் பண்ணோம். ஓட்டை மைக். ஆனா அங்கிள் மாஸ்டர் பண்ணிக் குடுத்ததும் ட்ரம்ஸ் நெஞ்சுல குத்துச்சு! ரெண்டாவது 'சம்மட்டி', மூணாவது 'பட்டறை'... பெரிய ஸ்டூடியோ, நல்ல மைக். வெளிய வந்தா தகர டப்பா! எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்கு ஏத்தி நசுக்கிட்டாரு. பத்து நிமிஷம் கேட்டா தலைவலி!"

சங்கமித்ரா நிமிர்ந்தாள்.

"இரு. உனக்கு சத்தம் வேணாமா? மெட்டல்காரன்தானே நீ?"

"மெதுவா ஒரு எடம் இருந்தாத்தான் மேடம் இடி விழறப்ப இடி! எல்லாமே இடின்னா அது மிக்ஸி!"

"இதை நேரா அவர்கிட்டயே கேட்டியா?"

"மெசேஜ் போட்டேன். இன்னிக்கு ஒரு மணிக்கு வா, எல்லாம் தெரியும்னு பதில் போட்டாரு. மத்தபடி ஃபைல் குடுக்கறது, வாங்கறது எல்லாம் ஸ்ரீகண்டன் சார் வழியாத்தான்."

ஸ்ரீகண்டன். பேண்டின் மேனேஜர். ஆல்பங்களை வெளியிடும் கம்பெனியும் அவருடையதுதான்.

அவளுக்குள் என்னவோ உறுத்தியது. ஜீப் மீண்டும் கோல்ஸ் பார்க் பக்கம் பறந்தது!

*

"கேரல், இந்த மெயில்ல வந்த ஆல்பத்தைக் கொஞ்சம் போடுங்க."

கேரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனைத் தட்டினாள்.

ஸ்பீக்கர் வெடித்தது!

ஐந்தே விநாடி. கேரல் பதறிப் போய் நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"இது... இது அண்ணன் பண்ணினது இல்ல!"

"எப்படிச் சொல்றீங்க?"

"நேத்து சாயங்காலம் அண்ணன் முடிச்சதை நான் முழுசா கேட்டேன் மேடம். இங்க பாருங்க."

கம்ப்யூட்டர் திரையில் ஒரே பாட்டின் இரண்டு படங்கள். நேற்றைய ஃபைலில் சத்தம் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. மெயிலில் போனது... ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே உயரத்தில், காம்பவுண்டு சுவர் மாதிரி நின்றது.

"லிமிட்டர்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுத் தூக்கினா இப்படி நசுங்கிடும். ரெண்டாவது, மூணாவது ஆல்பமும் இதே மாதிரிதான் வெளிய வந்துச்சு. விக்கிதான் அப்புறமா கெடுக்கறான்னு அண்ணன் அஞ்சு வருஷமா மனசு ஒடிஞ்சு கிடந்தாரு."

"விக்கி என்னடான்னா உங்க அண்ணன்தான் கெடுத்தார்ங்கறான்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வருடம்! நேரில் ஒரு டீ குடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயம்!

"கேரல்... ஆல்பம் முடிஞ்சதும் உங்க அண்ணன் உடனே அனுப்பிடுவாரா?"

"மாட்டாரு. ஆட்டோல போட்டுக் கேக்காம ஒரு பாட்டும் இந்த வீட்டை விட்டுப் போகாது."

"ஆட்டோவா?"

"தெரு முனை ஸ்டாண்டுல கணேசமூர்த்தின்னு ஒருத்தர். அவர் ஆட்டோல ஒரு மட்டமான ஸ்பீக்கர் இருக்கு. அண்ணன் அதுல பாட்டைப் போட்டு பார்க்கை ரெண்டு சுத்து சுத்துவாரு. இன்ஜின் சத்தத்துலயும் பாட்டு நின்னாத்தான் ஓகே. முப்பது வருஷப் பழக்கம். ஸ்பீக்கர் மாத்தினா சவாரியே வர மாட்டேன்னு அவரை மிரட்டி வேற வெச்சிருந்தாரு!"

"கணேசமூர்த்தி நம்பர் இருக்கா?"

சங்கமித்ரா வராந்தாவுக்குப் போனாள். இரண்டு நிமிடம் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒன்று இருந்தது.

சிரிப்பு!

"கோவிந்தப்பா... அந்த ஸ்ரீகண்டனை வரச் சொல்லுங்க. ஒரு கையெழுத்து வேணும்னு சொல்லுங்க, போதும்."

*

மணி நாலு இருபது.

ஸ்ரீகண்டன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். நரைத்த தலைமுடியைப் பின்னால் குதிரைவாலாகக் கட்டியிருந்தார். கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே வராத கண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

"கிளிஃபர்ட் எனக்கு அண்ணன் மாதிரி மேடம்."

"நீங்களும் காலைல வர்றதா கிளிஃபர்ட் மொபைல்ல மெசேஜ் இருக்கு. வந்தீங்க, இல்லையா?"

"பத்து மணிக்கு. ஒரு காபி. பத்தரைக்கெல்லாம் கிளம்பிட்டேன். பதினொன்றரையில இருந்து ரெண்டு வரைக்கும் எம்.ஜி. ரோடு ஹோட்டல்ல பத்து ரிப்போர்ட்டர்ஸ்கூட இருந்தேன். கிளிஃபர்டோட மெயில் வந்ததே அவங்க முன்னாடிதான்!"

"தெரியும். அந்த மெயிலை ஒருத்தர் எழுதி, பதினொண்ணு நாப்பதுக்குப் போற மாதிரி செட் பண்ணி வெச்சிருந்தா?"

"அப்படியெல்லாம் பண்ண முடியுமா?"

"எட்டாங்கிளாஸ் படிக்கற என் பொண்ணே பண்றா சார். லீவ் லெட்டருக்கு!"

ஸ்ரீகண்டன் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"கிளிஃபர்டுக்கு ஒரு ஆட்டோக்காரர் உண்டு. கணேசமூர்த்தி. தெரியுமா?"

"ஆட்டோவா? தெரியாதே."

"அவர் பதினோரு மணிக்கு இங்க வந்திருக்கார். வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சிருக்கார். யாரும் வரல."

"இது சவுண்ட் ப்ரூஃப் ரூம் மேடம். ஹாரன் கேக்காது."

"கரெக்ட். அதான் இறங்கி வந்திருக்கார். இந்தக் கதவைத் திறந்திருக்கார். உள்ள எட்டிப் பார்த்தா..."

சங்கமித்ரா கம்ப்யூட்டர் நாற்காலியைச் சுட்டினாள்.

"கம்ப்யூட்டர் முன்னாடி யாரோ ஒருத்தர் உக்காந்திருக்கார். முதுகுதான் தெரிஞ்சுதாம். முதுகுல... நரைச்ச குதிரைவால்!"

"பொய்!" ஸ்ரீகண்டன் கத்தினார். "பச்சைப் பொய்! அவன் எப்படிக் கதவைத் திறப்பான்? நான்தான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்..."

வாய் மூடிக்கொண்டது. ரொம்பத் தாமதமாக!

கேரல் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தப்பா சத்தமில்லாமல் கதவை மறித்து நின்றார்.

"பதினோரு மணிக்கு, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு... பத்தரைக்கே கிளம்பின நீங்க?"

ஸ்ரீகண்டனின் நெற்றியில் வியர்வை.

"நா... நான்... அந்த ஆட்டோக்காரனைக் கூப்பிடுங்க! என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும்!"

"முடியாதே சார். அவர் ஓசூர்ல இருக்கார். மச்சினி பொண்ணுக்குக் காதுகுத்து. காலைல அஞ்சு மணிக்கே கிளம்பிப் போயாச்சு."

"என்ன...?"

"இன்னிக்கு அந்த ஆட்டோ பெங்களூர்லயே இல்ல. நேத்தே கிளிஃபர்ட்கிட்ட லீவ் சொல்லியிருக்கார். 'பரவால்ல, நாளன்னிக்குக் கேட்டுட்டு அனுப்பிக்கறேன்'னு கிளிஃபர்டும் சொல்லியிருக்கார். அப்ப இன்னிக்கு மெயில் அனுப்பினது கண்டிப்பா அவர் இல்ல. அவரோட பழக்கம் தெரியாத யாரோ!"

ஸ்ரீகண்டன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"என்னைக் காட்டிக் குடுக்கறேன்னான்..." குரல் உடைந்தது. "இத்தனை வருஷமா அவன் குடுத்ததை நான்தான் ஏத்தி ஏத்தி வெளியிட்டேன். மெதுவா இருந்தா எவன் கேப்பான்? விக்கியோட மெசேஜைக் கேட்டதும் கண்டுபிடிச்சிட்டான். ஒரு மணிக்கு விக்கி வரான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டறேன்னான். பேண்ட் என்னை விட்டுப் போயிடும்! நான் பெத்த புள்ள மாதிரி வளர்த்த பேண்ட்..."

"அடிச்சீங்க. விக்கி வர்றது தெரியும். பழி தானா அவன் மேல விழும். சரி... கிளிஃபர்ட் முடிச்ச ஆல்பம் கம்ப்யூட்டர்ல ரெடியா இருந்துச்சே. அதை அப்படியே அனுப்பியிருந்தா கேரலுக்குக்கூட சந்தேகம் வந்திருக்காது! எதுக்கு சார் அதைப் போய்த் தொட்டீங்க?"

ஸ்ரீகண்டன் தலையைத் தூக்கினார். கண்ணில் உண்மையான வருத்தம்.

"கேட்டுப் பார்த்தேன் மேடம். சத்தம் கம்மியா இருந்துச்சு!"

தரையில் பிணம். கதவில் தாழ்ப்பாள். அந்த நிலைமையிலும் உட்கார்ந்து, ஒரு ஆல்பம் முழுவதற்கும் சத்தத்தை ஏற்றிவிட்டுத்தான் மனுஷன் எழுந்து போயிருக்கிறான்!

கேரல் எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று சங்கமித்ரா நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அண்ணனின் ஃபைலை ஒரு பென் டிரைவில் ஏற்றினாள்.

"இதை விக்கிகிட்டக் குடுத்துடுங்க மேடம். அண்ணன் பண்ணினது. ஆட்டோல மட்டும் இன்னும் கேக்கல."

சங்கமித்ரா அதைப் பத்திரமாகப் பையில் வைத்தாள். மணி பார்த்தாள். நாலு ஐம்பது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"விக்கியை விட்டுடுங்க. லட்சுமம்மா அத்தைக்கு மொதல்ல ஒரு காபி வாங்கிக் குடுங்க."

வெளியே ஸ்ரீகண்டன் ஜீப்பில் ஏற மறுத்துத் தெருவே அதிரும்படி அலறிக்கொண்டிருந்தார்.

கோவிந்தப்பா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், ஸ்டேஷன் வரைக்கும் இப்படியே கத்துவான் போலிருக்கே! என்ன பண்றது?"

"கத்தட்டும் கோவிந்தப்பா. நம்ம லாக்கப்புல எக்கோ பிரமாதமா இருக்கும். அங்க மாஸ்டரிங்கே தேவைப்படாது!"