வெள்ளித் தகட்டில் ஒரு கொல்லன்

“திருட்டு...! என் படத்தை மாத்திட்டாங்க!”

கல்யாணசுந்தரம் போட்ட கூச்சலில் தோஹாவின் அந்தக் கண்காட்சிக் கூடமே அதிர்ந்தது.

நளினி ஓடி வந்தாள். அமெரிக்காவின் ஆரம்பகாலப் புகைப்படங்கள்... 2006-ன் அந்தக் கண்காட்சிக்கு அவள்தான் பொறுப்பாளர். படத்தை இரவல் கொடுத்தவர் கல்யாணசுந்தரம். எண்ணெய் கம்பெனியில் பெரிய எஞ்சினியர். ஏலத்தில் எடுத்ததைப் பீற்றிக்கொள்வாரே தவிர, உற்றுப் பார்க்க மாட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகல வெள்ளித் தகடு.

அதில் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கொல்லன் ஒருவன், சுத்தியலோடு பட்டறை வாசலில் நிமிர்ந்து நின்றான்.

“இது டூப்ளிகேட்! பட்டறை போர்டு எழுத்தெல்லாம் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பியிருக்கு. என்னோடதுல நேரா இருக்கும்!”

அவர் விரல் செக்யூரிட்டி வேலுச்சாமியை நோக்கி நீண்டது.

“இவன்தான்! எப்பவும் இது முன்னாடியே நிக்கிறான்!”

வேலுச்சாமி நளினியின் பக்கம் திரும்பினான்.

“சத்தியமா இல்ல மேடம்! முன்னெல்லாம் பணக்காரங்கதான் தங்களைப் படமா வரையவச்சு மாட்டுவாங்க, போட்டோ வந்தப்புறம்தான் கொல்லனுக்கும் தன் மூஞ்சி கெடைச்சுதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் பாத்துக்கிட்டே நிப்பேன். நானும் இங்க நஜ்மா ஏரியா ஸ்டூடியோல இரவல் கோட்டு மாட்டித்தான் ஊருக்குப் படம் அனுப்பினேன்...”

“கதை விடாத! ஜெயிலு... அப்புறம் ஊரு. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது!”

நளினி குனிந்து தகட்டைப் பார்த்தாள்.

பார்த்தவள்... உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்!

“போலீஸைக் கூப்பிடலாம் சார். முதல்ல ‘இது என் படம் இல்ல’ன்னு எழுதிக் குடுங்க.”

விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நளினி அதை மடித்து ஃபைலுக்குள் வைத்தாள்.

“சார்... அந்தக் காலத்துத் தகட்டுப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. கண்ணாடில விழற மாதிரி தகட்டுல நேரடியா விழும். எழுத்து திரும்பித்தான் இருக்கும். இதுதான் ஒரிஜினல்!”

“எ... என்னது?”

“இங்க வந்தது இது ஒண்ணுதான். நேரான எழுத்தோட நீங்க பாத்தது உங்க வீட்லதான இருக்கணும்... அதுதான் போலி!”

கல்யாணசுந்தரம் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“பாவி பம்பாய்க்காரன்! காப்பி பண்ணச் சொன்னா எழுத்தைத் திருத்தி வச்சிருக்கானே! ரெண்டையும் ஒரே பார்சல்ல அனுப்பினான். திரும்பியிருக்கறதுதான் காப்பின்னு நெனச்சு...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். டூ லேட்!

“அதை இங்க குடுத்தீங்க. ஒரிஜினல் திருட்டுப் போச்சுன்னு இன்ஷூரன்ஸ் உங்களுக்கு. பழி வேலுச்சாமிக்கு!”

“அந்தப் பேப்பரைக் கிழிச்சிடும்மா... என் படத்தைக் குடு, போயிடறேன்.”

“உங்க படமா? இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!”

வேலுச்சாமி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

நளினி போனை எடுத்தாள்.

“கவலைப்படாதீங்க சார். ஸ்டேஷன்ல உங்களையும் போட்டோ எடுப்பாங்க. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு... சிரிக்கத்தான் சொல்ல மாட்டாங்க!”