ஆறாவது வளையம்

புதிதாக மாற்றலாகி வந்த பெரிய டாக்டருக்கு அன்று எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் முதல் நாள். ரோபோவை இயக்கும் இருக்கைகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சீட் இருக்கே சிஸ்டர், இன்னொண்ணு யாருக்கு?" என்றார்.

"பழகறவங்களுக்கு சார்," என்றேன். அது பாதி உண்மை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளை அதில் உட்கார வைப்போம். கைப்பிடியை அசைத்தால் எட்ட இருக்கும் ரோபோவின் கை அசையும். ரப்பர் வளையங்களை எடுத்து முளைகளில் மாட்ட வேண்டும். பயம் தெளிந்துவிடும். போன மாதம் ஏழு வயது வாண்டு ஒருத்தி ஐந்து வளையம் மாட்டிவிட்டு, இறங்க மாட்டேன் என்று ஒரே அடம்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சிஸ்டர்."

"ஆபரேஷன் முடிஞ்சு வந்து மாட்டலாம்டி தங்கம். சீட்டை உன் உயரத்துக்கே வெச்சிருக்கேன்."

அந்த உயரத்தை இயந்திரத்தில் பதிந்து வைத்தவள் நான்தான். மயக்கத்திலிருந்து அவள் எழவே இல்லை. பதிவை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

புது டாக்டரின் அந்த முதல் நாளில் மேஜையில் மூன்று வயதுப் பையன். சிறுநீரகத்தில் அடைப்பு. டாக்டர் மூலையில் அமர்ந்து ரோபோவை இயக்க, நான் பையன் அருகில் நின்றேன். காலை பத்து மணி, அறை முழுக்க வெளிச்சம்.

பின்னால் மோட்டார் முனகியது.

ஆளில்லாத இரண்டாவது இருக்கை தாழ்ந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர், இது என் பேச்சைக் கேக்கல!"

திரையில் பார்த்தேன். ரோபோவின் இடுக்கி பையனின் ரத்தக்குழாயைக் கவ்வி, மெல்லத் தூக்கியது. வளையத்தைத் தூக்குவதுபோல.

"நிறுத்திடவா சார்?"

"வேண்டாம், கிழிஞ்சிடும்!"

முகக்கவசத்துக்குள் கிசுகிசுத்தேன். "அது வளையம் இல்லடி தங்கம். தம்பி. விட்டுடும்மா. சாயங்காலம் ஆறாவதை நானே எடுத்துத் தரேன். சத்தியமா."

இடுக்கி திறந்தது.

பையன் பிழைத்தான். இயந்திரக் கோளாறு என்று எழுதிவிட்டு, இரண்டாவது இருக்கையின் வயரைப் பிடுங்கிப் போட்டார்கள். மறுநாள் ஒரு கைக்குழந்தைக்கு அறுவை சிகிச்சை. அதற்குள் இவளை அனுப்பியாக வேண்டும்.

மாலையில் தனியாக வந்தேன். ஐந்து வளையங்களை முளைகளில் மாட்டி, ஆறாவதைப் பக்கத்தில் வைத்தேன்.

வயர் தரையில் கிடந்தது. இருக்கை தாழ்ந்தது.

ரோபோவின் கை ஆறாவதை எடுத்தது. இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை மாட்டியது. எனக்கு அழுகை பொங்கியது.

"முடிஞ்சுதுடி கண்ணு. போயிட்டு வா."

சிறிது நேரம் எதுவும் அசையவில்லை.

பிறகு அந்தக் கை இறங்கி, ஆறு வளையங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி ஆரம்பிப்பதற்காக வரிசையாக வைத்தது.