ஒரே மூச்சு

மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். கைகளைக் கழுவிவிட்டு, பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறைக்குள் நுழைந்த டாக்டரின் கால்கள் வாசலிலேயே தயங்கின. கிருமிநாசினியின் நெடியும், இன்குபேட்டர்களின் கதகதப்பும், ஜன்னலில் வழியும் மழையின் நிழலும் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் ஆறு மானிட்டர்களிலும் மூச்சைக் காட்டும் கோடு ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து சிஸ்டர் இப்படி?"

"மத்தியானம் பால் குடுத்ததுலேருந்து, மேடம். மிஷின் கோளாறுன்னுதான் நெனச்சேன். அப்புறம் நெஞ்சைப் பார்த்தேன். ஆறு பேரும் கூடிப் பேசி வச்ச மாதிரி இருக்கு." நர்ஸ் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

டாக்டர் இரண்டு இன்குபேட்டர்களுக்கு நடுவே நின்று, பக்கத்துக்கு ஒரு கையாக உள்ளே விட்டாள். வெங்காயத் தோல் போன்ற சருமத்துக்கு அடியில் இரண்டு குட்டி நெஞ்சுகளும் ஒரே நொடியில் விம்மி, ஒரே நொடியில் தணிந்தன. மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. வயர்களைப் பார்த்தாள், பிளக்குகளைப் பார்த்தாள், மறுபடி குழந்தைகளிடமே வந்தாள்.

"மேடம்," நர்ஸின் குரல் இறங்கியிருந்தது. "நீங்களும் அவங்களோடதான் மூச்சு விடுறீங்க."

டாக்டர் வேண்டுமென்றே மூச்சை நிறுத்திப் பார்த்தாள். முடியவில்லை. நெஞ்சு தானாக உயர்ந்தது, யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல.

அப்போது ஆகச் சிறிய குழந்தை மூச்சை நிறுத்தியது. குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிட மறந்துபோகும்; உள்ளங்காலைச் சுண்டினால் நினைவு வந்துவிடும். சுண்டினாள்.

ஆறு குழந்தைகளும் காலை உதறின.

ஒன்றுகூட மூச்சு விடவில்லை. ஆறு கோடுகளும் படுத்துவிட்டன. அலாரங்கள் அலறின.

"போன் போடுங்க சிஸ்டர், யாரையாவது..."

பேச்சு பாதியில் அடைத்துக்கொண்டது. நர்ஸின் வாய் திறந்திருந்தது. சத்தமில்லை. உதடு நீலம் பாரித்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் செயற்கை மூச்சு கொடுக்கும் ரப்பர் பையை எடுத்தாள். சின்னஞ்சிறு முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தினாள். அழுத்தினாள்.

நெஞ்சு உயர்ந்தது. மற்ற ஐந்தும் உயர்ந்தன. தரையில் நர்ஸின் நெஞ்சும். ரப்பர் வாசனையோடு தன் தொண்டைக்குள்ளும் காற்று இறங்குவதை டாக்டர் உணர்ந்தாள்.

பையை விட்டுவிட்டு போனை நோக்கி ஓடினாள். இரண்டே எட்டு. கண் இருண்டது. தவழ்ந்து திரும்பினாள். அழுத்தினாள்.

கதவுக்கு அப்பால் தாழ்வாரம். இந்நேரம் தாய்மார்களும் சொந்தபந்தமும் நெரிந்துகொண்டு நிற்பார்கள். ஒரு காலடிச் சத்தம் இல்லை. ஒரு இருமல் இல்லை.

விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. அழுத்தினாள்.

கதவுக்கு வெளியே, தாழ்வாரம் முழுக்க, மாடிப்படிகளில், மேல்தளத்தில், நூற்றுக்கணக்கான வாய்கள் ஒன்றாகக் காற்றை இழுத்தன.

அடுத்த அழுத்தத்துக்காகக் காத்திருந்தன.